தோள் உயரத்தில் ஒரு கல்



இந்த மேடையும் ஒரு நினைவுச்சின்னம்தான். ஒரு மகள் தன் தந்தையின் பெயரில் ஒரு தொகையை வைப்பில் இட்டார். அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் வந்து பேசுகிறார், நாலு பேர் கேட்கிறார்கள். அவர் நினைத்திருந்தால் அதே பணத்தில் ஒரு மார்பளவுச் சிலை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இறந்தவரின் பெயரால் இருப்பவர்களுக்கு ஏதோ ஒன்று நடக்க வேண்டும் என்று நினைத்தார். நான் இன்று சொல்ல வந்ததும் ஏறத்தாழ அதுவே. கட்டடக்கலை பயிற்றுவித்தவன் என்ற முறையில் அதைக் கல்லிலும் மண்ணிலும் தெருவிலும் வைத்துச் சொல்லப் பார்க்கிறேன்.

சுமைதாங்கியிலிருந்து தொடங்குகிறேன். இங்கே இருக்கும் இளைஞர்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள். அவ்வளவுதான். கிடைக்கல் ஏறக்குறைய தோள் உயரத்தில் இருக்கும். தலையில் விறகுக்கட்டோ நெல்மூட்டையோ தயிர்ப்பானையோ சுமந்து வருகிறவர், இன்னொருவர் கை கொடுக்காமலே அதன்மேல் சுமையை இறக்கலாம், மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பத் தலைக்கு ஏற்றலாம். சுமையைத் தரையில் இறக்கிவிட்டால் தனியாளாகத் தூக்க முடியாது. அதனால்தான் அந்த உயரம். மனித உடலை இவ்வளவு துல்லியமாக அளந்து செய்த தெருப்பொருள் நம் ஊர்களில் வேறு எது என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கல் பெரும்பாலும் ஒரு பெண்ணின் நினைவாக நடப்பட்டது. கருவுற்றிருக்கும்போதே இறந்துபோனவள். வயிற்றுச் சுமையை இறக்காமலே போய்விட்டாளே என்று வீட்டார் பதைத்தார்கள். வழிப்போக்கர் ஒவ்வொருவரும் தம் சுமையை இந்தக் கல்லில் இறக்கி வைக்கும்போது அவள் சுமையும் கொஞ்சம் இறங்கும் என்று நம்பினார்கள். சில கற்களில் பெயரும் ஆண்டும் வெட்டியிருக்கும். பலவற்றில் எதுவும் இராது.

கட்டடக்கலை மாணவர்களுக்கு நான் இதை முதல் வகுப்பிலேயே சொல்வது வழக்கம். துக்கத்துக்கு ஓர் உருவம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டார் இறந்தவளின் முகத்தைச் செதுக்கவில்லை, அவள் பட்ட பாட்டை எடுத்துக்கொண்டார்கள். அதை ஊரார் எல்லோருடைய பாட்டோடும் சேர்த்து, அதற்கு ஏற்ற உயரத்தில் ஒரு கல்லை வைத்தார்கள். அந்தக் கல் பிறகு சும்மா நிற்கவில்லை. பக்கத்தில் ஒரு புளியமரமோ ஆலமரமோ வளர்ந்தது. நிற்கிறவர்களுக்குத் தாகம் எடுக்கும், ஆகவே கோடையில் தண்ணீர்ப்பந்தல் வந்தது. தண்ணீர் இருக்கும் இடத்தில் வெற்றிலைக் கடை வந்தது. பின்னாளில் பேருந்து அங்கேதான் நின்றது. ஒரு பெண்ணின் சாவு ஒரு நிறுத்தத்தை உண்டாக்கியது. நகரமைப்பு நூல்களில் சந்திப்புகள் எப்படி உருவாகின்றன என்று நிறைய எழுதியிருக்கிறார்கள். இப்படியும் உருவாகின்றன என்று எவரும் எழுதி நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர்ச் சாலையிலும் ஒன்று இருந்தது. என் அம்மாச்சியின் தங்கைக்காக வைத்தது. ஏழாம் மாதத்தில் இறந்துபோனார் என்பார்கள். சிறுவயதில் அதன்மேல் ஏறி உட்கார்ந்ததற்காக அம்மாச்சியிடம் அடி வாங்கியிருக்கிறேன். அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சுமைதாங்கிக்கு வெகுகாலம் முந்தியது நடுகல். தொல்காப்பியம் வெட்சித்திணையில் நடுகல் எடுக்கும் முறையை ஆறு படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேர்ந்து காண்பது, நாள் பார்த்துத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையலிட்டுச் சிறப்புச் செய்வது, வாழ்த்துவது. இந்த ஆறில் சிற்பியின் வேலை என்று தனியாக ஒரு படி இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆறும் ஊரார் செய்கிற காரியங்கள். கல்லை நட்டதோடு முடிவதில்லை, நட்டபின்னும் இரண்டு படிகள் இருக்கின்றன. நினைவுச்சின்னம் என்பது திறப்புவிழாவோடு முடிந்துபோகும் பொருள் என்ற எண்ணம் நம் மரபில் இருந்ததே இல்லை.

செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தொறுப்பூசலில், அதாவது கால்நடை கவரும் சண்டையில், பட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கானது. அவன் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டு சொல்கிறது. ஒரு பேரரசனின் ஆட்சியாண்டைக் குறித்த அதே கல்லில் ஒரு நாயின் பெயரும் செயலும் இருக்கின்றன. அந்த ஊர் யாரையெல்லாம் தன்னைச் சேர்ந்தவர் என்று கருதியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போனால் இத்தகைய கற்கள் பல இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் வழிபாட்டில் இருக்கின்றன. எழுத்தை வாசிக்க முடியாத மக்கள், யாருடைய கல் என்று தெரியாத மக்கள், ஆயிரம் ஆண்டுக்கு மேலாகப் பொங்கலிட்டு அதைக் காத்திருக்கிறார்கள். வேலியும் காவலாளியும் செய்ய முடியாததை அந்தப் பொங்கல் செய்திருக்கிறது.

அரசர்களுக்கு வரும்போது நினைவு கோயிலாகிறது. ஆற்றூரில் இறந்த அரிஞ்சய சோழனுக்காக முதலாம் இராசராசன் மேல்பாடியில் எடுத்த பள்ளிப்படையும், சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்காக முதலாம் இராசேந்திரன் பழையாறையில் எடுத்த பள்ளிப்படையும் இன்றும் நிற்கின்றன. ஆனால் நான் நின்று பேச விரும்புவது இராசேந்திரனின் வேறொரு நினைவுச்சின்னத்தைப் பற்றி. வடக்கே படை அனுப்பி வென்றான், கங்கை நீரைக் கொண்டுவரச் செய்தான். அந்த வெற்றிக்கு வானுயரத் தூண் ஒன்று நிறுத்தியிருக்கலாம், வழக்கமும் அதுதான். அவன் தன் புதுத் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே ஏரி வெட்டினான், சோழகங்கம் என்று பெயர் வைத்தான். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீராலான வெற்றித்தூண் என்று வர்ணிக்கிறது. நீராலான தூண்! ஒரு மன்னன் தன் பெருமையை நெடுக்கே நிறுத்தாமல் கிடையாகப் பரப்பினான், அதில் உழவன் நாற்று நட்டான். 16 மைல் கரை கொண்டது என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்லும் அந்த ஏரியை இன்று பொன்னேரி என்கிறோம். பேரரசு போய்விட்டது. அரண்மனை அகழாய்வுக் குழிகளில் செங்கல் அடித்தளமாகக் கிடக்கிறது. அந்நகரத்துக் கோயிலின் மதிற்கற்களைக்கூட 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டுவதற்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஏரி மட்டும், தூர்ந்தும் குறுகியும், ஏரியாகவே இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று சென்னையில் இருக்கிறது, வள்ளுவர் கோட்டம். அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அதை வடிவமைத்த கணபதி ஸ்தபதியின் திறமைமீது எனக்குள்ள மதிப்பு பெரிது. திருவாரூர்த் தேரை மனத்தில் கொண்டு ஏறக்குறைய 39 மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய கற்றேர், தூணே இல்லாமல் விரிந்த அரங்கம், குறள் 1330ஐயும் கல்லில் பொறித்த சுற்றுமாடம். 1976இல் திறக்கப்பட்டது. ஒரு புலவனுக்கு இப்படி எடுத்தது பெரிய காரியம். ஆனால் அது நிற்கும் இடம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். நீரின் அருமைக்காக ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய புலவனின் நினைவை நாம் ஏரியைத் தூர்த்த மண்ணின்மேல் வைத்தோம். அக்காலத்தில் அது தவறாக யாருக்கும் படவில்லை. மயிலாப்பூரின் நெடிய ஏரி மறைந்து தியாகராய நகர் வந்ததும் அப்படித்தான். மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ ரோடு இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் தெரிவதற்குத்தான் ஏரி இல்லை. தெருப்பெயர் அந்த ஏரியின் நடுகல்லாக நிற்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தண்ணீர் தன் பழைய வீடுகளைத் தேடி வந்ததைப் பார்த்தோமே, அப்போது நகரம் மறந்ததை நீர் மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

இனி மெரினாவுக்கு வருவோம். தமிழர்களின் பொதுநினைவு இவ்வளவு அடர்த்தியாகக் குவிந்த வேறொரு வெளி இல்லை. அதற்குப் பெயர் வந்ததே ஒரு நினைவால்தான். 1884இல் கடற்கரை நடைபாதையை அமைத்த ஆளுநர் கிராண்ட் டஃப், தாம் முன்பு கண்ட சிசிலிக் கடற்கரையின் நினைவில் அதற்கு மெரினா என்று பெயரிட்டார். மணற்பரப்பே புதியது. வடக்கே துறைமுகம் கட்டத் தொடங்கியபின், தெற்கிலிருந்து வரும் மணல் தடுக்கப்பட்டுச் சேர்ந்து சேர்ந்து அகன்றது. மறுபுறம் இராயபுரத்தைக் கடல் அரித்தது. ஒரு பக்கத்து மீனவர் இழந்த கரைதான் இன்னொரு பக்கம் நகரத்தின் மாலைநேர முற்றமாக விரிந்தது. மெரினாவின் நினைவுகளைப் பட்டியலிடுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நகரத்தில் யார் பீடமேறுவது என்ற சண்டை, மெரினாவில் சிலைகள் வரிசைகட்டும் முன்பே மவுண்ட் ரோட்டில் தொடங்கிவிட்டது. 1857 எழுச்சியை ஈவிரக்கமின்றி அடக்கி, லக்னோவில் இறந்த ஜேம்ஸ் நீலுக்கு அங்கே சிலை இருந்தது. தினமும் அந்தச் சிலையைக் கடந்துதான் மக்கள் வேலைக்குப் போனார்கள். 1927இல் அதை அகற்றக் கோரி சத்தியாகிரகம் நடந்தது, தொண்டர்கள் சிறை சென்றார்கள். பத்தாண்டு கழித்து, 1937இல், இராஜாஜி அமைச்சரவை அதை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. உடைக்கவில்லை. சாலையில் நிற்கும்போது சிலைக்கு அதிகாரம் உண்டு. அருங்காட்சியகத்தில் அது வெறும் சான்று. இந்த வேறுபாட்டை அன்று உணர்ந்து நடந்துகொண்டது பெரிய விவேகம் என்று நினைக்கிறேன்.

மெரினாவில் எனக்கு மிகப் பிடித்தது 1959இல் வைத்த உழைப்பாளர் சிலை. தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்தது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். பெயரில்லாத நான்கு பேர். 1923 மே 1இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடிய அதே கடற்கரையில் அது நிற்கிறது. யாரும் நிமிர்ந்து நின்று கை நீட்டவில்லை. எல்லார் உடலும் வளைந்து பாரத்தில் இருக்கிறது. சுமைதாங்கியின் உறவினர் அது என்று நான் சொன்னால் மிகையாகாது.

1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிப் புலவர்களும் அறிஞர்களும் வரிசையாக வந்தார்கள், கண்ணகியும் வந்தாள். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்தில் பெரும்பகுதி, காட்சி தொடங்கி வாழ்த்து வரை, அவளுக்குக் கல் எடுத்த கதைதானே. இமயத்தில் எடுத்துக் கங்கையில் நீராட்டிக் கொணர்ந்த கல். அதே கண்ணகியின் சிலை 2001இல் மெரினாவிலிருந்து அகற்றப்பட்டது, 2006இல் மீண்டும் நிறுவப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் காலி இடத்தைக் கடக்கும்போதெல்லாம் மக்கள் அதைப்பற்றிப் பேசினார்கள். சிலை இருந்த ஆண்டுகளைவிட இல்லாத ஆண்டுகளில்தான் கண்ணகி அங்கே அதிகம் தென்பட்டாள்.

1969இல் அண்ணா மெரினாவில் அடக்கமானார். 1987இல் எம்.ஜி.ஆர்., 2016இல் ஜெயலலிதா. 2018 ஆகஸ்டில் கலைஞருக்கு இடம் கேட்டு இரவிலேயே உயர்நீதிமன்றம் கூடியதையும், தீர்ப்பு வரும்வரை ஊர் தூங்காதிருந்ததையும் நினைத்துப் பாருங்கள். ஒரு மக்கள் கூட்டம் ஓரிரவு முழுக்க நிலத்தில் ஆறடியைப் பற்றி விழித்திருந்தது. அரசியலில் எந்தப் பக்கம் நின்றாலும், இடம் என்பது நமக்கு எவ்வளவு பெரிய சொல் என்பதை அந்த இரவு காட்டியது.

எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்துக் கேட்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அவருடைய கைக்கடிகாரம் இன்னும் ஓடுகிறது என்ற நம்பிக்கை. கிராமத்திலிருந்து வந்த பெண்கள் குனிந்து, கன்னத்தைக் குளிர்ந்த கல்லில் பதித்து, கண்ணை மூடிக் கேட்கிறார்கள். இதை எளிதாக ஒதுக்கிவிடுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். கட்டடக் கலைஞனாக எனக்கு அதில் பாடம் இருக்கிறது. அந்தக் கல் குனிந்தால் எட்டும் உயரத்தில் இருப்பதால்தான் அந்தச் செயல் நடக்கிறது. நடுகல்லுக்குப் பொங்கலிட்டவர்களின் வழியில் வந்தவர்கள் அவர்கள். தொடாமல் அவர்களால் நினைக்க முடியாது. பிற்பாடு வந்த கட்டமைப்புகளில் அகலமான வளைவுகளும் வரிசைக் கம்பிகளும் பெருகின. பார்க்க வருகிறவர்கள் நகர்ந்துகொண்டே இருக்கும்படி அவை அமைந்திருக்கின்றன. நிற்க இடமில்லாத நினைவிடத்தில் மனமும் நகர்ந்துவிடுகிறது.

வாஷிங்டனில் 1982இல் திறந்த வியட்நாம் போர் நினைவிடத்தை வடிவமைத்தபோது மாயா லின்னுக்கு வயது 21, மாணவி. நிலத்தைக் கீறி, கறுப்புக் கல் சுவரை மண்ணுக்குள் இறக்கி, 58,000க்கும் மேற்பட்ட பெயர்களை இறந்த வரிசையில் பொறித்தார். உயர்ந்து நிற்கவில்லையே என்று அன்று சண்டைக்கு வந்தார்கள். இன்று அங்கே போகிறவர்கள் பெயரை விரலால் தடவுகிறார்கள், தாளை வைத்துத் தேய்த்துப் பிரதி எடுத்துப் போகிறார்கள். மெரினாவில் காது வைக்கும் அந்தப் பெண்களுக்கு அது உடனே விளங்கும்.

இன்னொரு நகரத்தைச் சொல்லாமல் இந்தப் பொருளை முடிக்க எனக்கு மனமில்லை. யாழ்ப்பாணம். அங்கே பொது நூலகக் கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஆலோசனை அதற்கு இருந்தது. 1981 மே கடைசி இரவு தொடங்கி ஜூன் 1 வரை அது எரிந்தது, ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும். எரிவதைக் கண்ட அதிர்ச்சியில் தமிழறிஞர் தாவீது அடிகளார் உயிர்விட்டதை யாழ்ப்பாணம் இன்றும் சொல்லும். பின்னர் வந்த கேள்வி கட்டடக்கலைக்கே உரிய கொடுமையான கேள்வி: கருகிய சுவரை அப்படியே நிறுத்துவதா, மறுபடி வெள்ளையடித்துப் பழையபடி ஆக்குவதா?

பெர்லினில் இதே கேள்வி எழுந்தது. 1943இல் குண்டுவீச்சில் சிதைந்த கைசர் வில்ஹெல்ம் தேவாலயத்தின் கோபுரத்தை இடித்துவிட்டுப் புதிது கட்டவே கட்டடக் கலைஞர் ஏகன் ஐயர்மன் முதலில் வரைந்தார். மக்கள் எதிர்த்தார்கள். முறிந்த கோபுரம் முறிந்தபடியே நிற்க, பக்கத்தில் நீலக் கண்ணாடிச் சுவரோடு புதிய ஆலயம் 1961இல் எழுந்தது. அந்தக் கோபுரத்தைப் பெர்லின்காரர்கள் சொத்தைப் பல் என்று அன்போடு அழைக்கிறார்கள். ஊரின் வாயில் வலிக்கிற இடம் அது.

யாழ்ப்பாணத்தில் நூலகம் முன்பிருந்த தோற்றத்திலேயே வெண்மையாக எழுந்தது. தீயின் தடம் மறைந்துவிட்டதே என்று வருந்தியவர்கள் உண்டு. அவர்கள் வருத்தம் நியாயமானது. தழும்பே இல்லாமல் ஆற்றிவிட்டால், காயப்படுத்தியவருக்கும் அது வசதியாகிவிடுகிறது. நான் பல நாள் அந்தப் பக்கமே இருந்தேன். பிறகு என் எண்ணம் கொஞ்சம் மாறியது. எரிக்கப்பட்டது ஒரு வாசிப்பறை. அங்கே ஒரு பிள்ளை மறுபடி உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று அந்த ஊர் விரும்பியதில் எனக்குச் சுமைதாங்கியின் நியாயம் தெரிகிறது. ஆனாலும் ஒரு சுவரை, ஒரே ஒரு சுவரைக் கரியோடு விட்டிருக்கலாம். படித்து நிமிரும் கண்ணில் படும்படி. இரண்டும் வேண்டும் என்பதுதான் இப்போது என் நிலை.

இந்த அவையில் நாளை நினைவிடம் வடிவமைக்கப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். உயரத்தைப் பற்றிய கேள்வியோடுதான் உங்களிடம் வருவார்கள். எத்தனை அடி, யாருடையதைவிட எத்தனை அடி கூடுதல் என்று. அந்தக் கூட்டத்தில் நீங்கள் வேறு கேள்விகளைக் கேளுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே நிழல் எங்கே விழும்? வயதான அம்மா ஒருவர் எங்கே உட்காருவார்? பெயர் கைக்கு எட்டுமா? மழை பெய்தால் நீர் எங்கே போகும்? இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. தம் காதலி முக்தாம்பாளின் கடைசி விருப்பத்துக்காகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் சத்திரம் கட்டினார், வழிப்போக்கர் உண்டார்கள், பிள்ளைகள் படித்தார்கள், அதைச் சுற்றி முக்தாம்பாள்புரம் என்று ஓர் ஊரே பேர் பெற்றது. முக்தாம்பாளின் முகம் எப்படி இருந்தது என்று அங்கே சோறு உண்டவர்களுக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் ஊர்க் கல்லைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். சாலையை அகலப்படுத்தியபோது புளியமரங்களோடு அதுவும் போயிற்று. நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன். கேட்டுப் பார்த்தேன், எவருக்கும் தெரியவில்லை. பல ஆண்டு கழித்து ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது, டீக்கடைக்கு முன்னால் சாக்கடையைத் தாண்டப் போட்டிருந்த பலகைக்கல்லைப் பார்த்தேன். நீளமும் கனமும் பழக்கப்பட்டவையாகத் தெரிந்தன. கடைக்காரரும் நானும் இன்னும் இரண்டு பேருமாகக் கடப்பாரை வைத்துப் புரட்டினோம். அடிப்பக்கத்தில் எழுத்து இருந்தது. சின்ன அம்மாச்சியின் பெயரும், தமிழ் வருடமும், ஆடி மாதம் என்றும். கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டார். இத்தனை நாள் மிதித்துவிட்டோமே என்று அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. மிதித்ததில் தப்பில்லை, அதுவும் ஒரு தாங்கல்தான் என்று சொன்னேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

இரண்டு கால்கற்கள் கிடைக்கவில்லை. பக்கத்து ஊர்க் கல்குவாரியிலிருந்து புதிதாக இரண்டு வாங்கி, பேருந்து நிழற்குடையை ஒட்டி நட்டோம். உயரம் எவ்வளவு என்று கொத்தனார் கேட்டார். அளவு எங்கும் எழுதி வைக்கவில்லை. கீரைக்கூடையோடு பேருந்துக்கு நின்ற ஓர் ஆத்தாவை அழைத்து நிறுத்தி, அவர் தோளுக்கு அளவெடுத்தோம்.

போன மாதம் அந்த வழியாகப் போனேன். பள்ளிச் சீருடையில் ஒரு பிள்ளை புத்தகப் பையை அந்தக் கல்லின்மேல் வைத்துவிட்டு, குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பேருந்து வந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிப்போய் ஏறினாள்.